பரணில் கிடக்கும் துப்பாக்கி

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, துப்பாக்கிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் கடுமையாக வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு மலையோரத்து ஊர்களிலிருந்து வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தபின், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இம்முறை இது ஒன்றையே பேசுவது என்று முடிவு செய்தேன். வருவாய்த் துறையில் வேலை பார்த்த காலத்தில் சில ஆண்டுகள் துப்பாக்கி உரிமக் கோப்புகள் என் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. என் பதில்களில் அந்த மேசையின் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் துப்பாக்கி என்பதால் கேள்வி கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

“என் வீடு கம்பத்தில், ஏலத்தோட்டம் கம்பம் மெட்டுக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தில். தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உரிமத்துடன் துப்பாக்கி உண்டு. மூன்று இருந்ததில் ஒன்றை 2019 சட்டத்தால் ஒப்படைத்தோம். தேர்தல் அறிவித்தால் மீதி இரண்டையும் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் வைக்கிறோம். காட்டுப்பன்றிக்குத் தேர்தல் தெரியாது. திருட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவனோ எதையும் எங்கேயும் ஒப்படைப்பதில்லை. இன்னும் கடுமையான சட்டம் யாரைக் கட்டும், ஐயா?”
— ஏல விவசாயி, கம்பம்

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. கடுமையான சட்டம் என்றதும், உரிமத்தோடு வைத்திருப்பவரிடம் இன்னும் ஒன்றைப் பிடுங்குவது என்று எடுத்துக்கொள்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் 2019 டிசம்பரில் உங்கள் வீட்டு வாசலில் நடந்தது அதுதான். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் அப்போது செய்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மசோதாவாக வந்தபோது ஒன்றே ஒன்று என்றுதான் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு இரண்டாயிற்று. பரம்பரையாக வந்த துப்பாக்கியும் அந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும். அதே திருத்தம் உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கலெக்டர் அலுவலகப் படி ஏறும் வேலை அந்த அளவுக்கு உங்களுக்குக் குறைந்திருக்கிறது.

ஆனால் அந்தத் திருத்தத்தின் கனமான பகுதி உங்களைப் பற்றியதே அன்று. உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தால் ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை இருந்த சிறைத் தண்டனை, இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை என்று உயர்ந்தது. கள்ளத்தனமாகத் துப்பாக்கி செய்பவருக்கும் விற்பவருக்கும் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கடத்தினால் குறைந்தது பத்து ஆண்டு. கொண்டாட்டத்தில் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுடுபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். (இது வட இந்தியக் கல்யாண ஊர்வலங்களை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு. நாம் வாணவேடிக்கையோடு நின்றுகொள்கிறோம்.)

காகிதத்தில் இதற்குமேல் கடுமை ஏற்ற இடமில்லை. ஆயினும் நிலைமை என்ன? உலகம் முழுவதும் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகளைக் கணக்கிடும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஜெனீவா நிறுவனம், 2017ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் ஏறக்குறைய 7.1 கோடித் துப்பாக்கிகள் இருக்கலாம் என்றும், அவற்றில் பதிவு பெற்றவை ஒரு கோடிக்கும் சற்றுக் குறைவு என்றும் சொன்னது. இது மதிப்பீடுதான், தலையெண்ணிக்கை அன்று. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், பதிவேட்டில் இருப்பதைவிட வெளியே இருப்பது அதிகம். உங்கள் ஆற்றாமையில் நியாயம் இருக்கிறது: முன்வாசல் வழியாக வந்து பெயர் கொடுத்தவர்மீதுதான் சட்டத்தின் கை எளிதாக விழுகிறது.

நான் கடுமை என்று சொன்னது எண்ணிக்கையைப் பற்றி அன்று, கணக்கைப் பற்றி. ஒரு துப்பாக்கி இன்று யார் வீட்டில், எந்தப் பூட்டுக்குள், எத்தனை தோட்டாக்களோடு இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். நான் பார்த்த பழைய பதிவேடுகளில், காலமாகிப் பல ஆண்டான உரிமதாரர்கள் உயிரோடு இருந்தார்கள். துப்பாக்கி எங்கே என்று கேட்டுக் கடிதம் போனால் மகன் சித்தப்பாவைக் காட்டுவார், சித்தப்பா தம் மருமகனைக் காட்டுவார், மருமகன் அது எப்போதோ துருப்பிடித்துக் கிணற்றில் போட்டாயிற்று என்பார். அந்தத் துப்பாக்கியும் ஒரு காலத்தில் உங்களுடையதைப் போல முறையாக வந்ததுதான். எந்த நாளில் திருட்டுத் துப்பாக்கியாயிற்று என்று எவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு உரிமத்துக்கும் தனி அடையாள எண் கொடுத்துத் தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றும் முறை வந்த பிறகு இந்த ஓட்டை ஓரளவு அடைபட்டிருக்கிறது.

முற்றிலும் கணக்குக்கு வெளியே இருப்பவை நாட்டுத் துப்பாக்கிகள். குழலின் வாய்வழியே கரிமருந்தையும் பால்ரஸ் குண்டையும் இடித்து நிரப்பிச் சுடும் வகை. இவற்றை வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொலைகாரர்கள் அல்லர்; பெரும்பாலும் உங்களைப் போலப் பயிர்க்காவலுக்கோ, கறிக்கோ வைத்திருப்பவர்கள்தாம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் கல்வராயன், ஜவ்வாது மலைகளிலும் ‘தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை’ என்று காவல் துறை அவ்வப்போது அறிவிக்கும்போது, இரவோடு இரவாகக் கோயில் வாசலிலும் ஊர்ப் பொது இடத்திலும் வைத்துவிட்டுப் போகிறார்கள். தண்டனையை இரண்டு ஆண்டு உயர்த்துவதைவிட இந்த வழியில் அதிகத் துப்பாக்கி வெளியே வருகிறது என்பது என் எண்ணம்.

விவசாயிக்குத் துப்பாக்கியே கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. நம் சட்டமும் அந்தக் கட்சியில் இல்லை. உண்மையான பயிர்க்காவலுக்கு வாய்வழி நிரப்பும் துப்பாக்கி கேட்டு வருபவருக்கு உரிமம் தருவதை ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உலகத்தில் கடுமையான சட்டத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, தானாக நிரப்பிக்கொள்ளும் நீள்துப்பாக்கிகளுக்கு அங்கே பெரும்பாலும் தடை வந்தது. அரசாங்கம் பணம் கொடுத்து ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளை வாங்கி அழித்தது. அந்த ஏற்பாட்டிலும் பண்ணைக்காரர் தம் நிலத்துக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். தற்காப்புக்கு என்றால்தான் கிடைக்காது. துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், தோட்டா வேறு பூட்டில் இருக்க வேண்டும், காவல் துறை வந்து பார்க்கலாம். உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே பீரோவில் இருக்கிறது என்றால், நான் கேட்கும் கடுமை உங்களையும் கட்டும்.

தேர்தல் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். 2021இல் தமிழ்நாடும் கேரளமும் ஏப்ரல் 6ஆம் நாள் ஒரே நாளில் வாக்களித்தன. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பயிர்க்காவல் துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் காவல் நிலையத்துக்குப் போயின. யார் ஒப்படைக்க வேண்டும் என்பதை மாவட்டக் குழு ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு செய்வதுதான் முறை. எல்லாருக்கும் ஒரே அச்சடித்த அறிவிப்பை அனுப்புவது அதிகாரிகளுக்கு எளிது, அவ்வளவுதான். விலக்குக் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். பயிர்ச் சேதத்துக்கு முன்பு கொடுத்த மனுக்களின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் உரிமம் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால், கம்பம் மெட்டுச் சோதனைச் சாவடியைத் துப்பாக்கியோடு தாண்டும் கணத்தில் நீங்கள் உரிமம் இல்லாதவர். தோட்டமும் துப்பாக்கியும் உங்களுடையவை என்பது அங்கே செல்லாது. நாடு முழுவதற்கும் என்று இருந்தாலும் பன்றியைச் சுட வேறு அனுமதி வேண்டும். கேரளம் 2022 மே மாதத்தில் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் என்ற அதிகாரத்தைக் கொடுத்தது; பயிரை அழிக்கும் பன்றியை உரிமம் பெற்றவரைக் கொண்டு சுட, பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவு கொடுக்கலாம். வெடி, விஷம், மின்சாரம் கூடாது. தமிழ்நாட்டில் 2025இல் வந்த ஏற்பாடு வேறு: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதியில்லை, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடித்துக் காட்டுக்குள் விடலாம், மூன்றுக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டுமே. ஒரே பன்றி இரவில் எல்லையைத் தாண்டினால் அதன் சட்டமும் மாறிவிடுகிறது. துப்பாக்கிக்கு வழியில்லாத இடத்தில் சிலர் இரைக்குள் வெடிமருந்து பொதிந்து வைக்கும் அவுட்டுக்காயையும் திருட்டு மின்வேலியையும் நாடுகிறார்கள். 2020 மே மாதம் மண்ணார்க்காட்டு வனப்பகுதியில் வெடி வைத்த பழத்தைக் கடித்த கருவுற்ற யானை ஆற்றில் நின்றபடியே செத்ததை நாடே பார்த்தது. கணக்கில் உள்ள ஒரு துப்பாக்கி அதைவிட மேல் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

“என் மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறான். துப்பாக்கியோடு எவனாவது பள்ளிக்குள் நுழைந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்று ஏழு வயதுப் பேத்திக்கு வகுப்பில் பயிற்சி கொடுக்கிறார்களாம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவ்வளவு படித்த நாடு ஏன் ஒரு சட்டம் போட்டு இதை நிறுத்தவில்லை?”
— ஓய்வு பெற்ற ஆசிரியை, போடிநாயக்கனூர்

அம்மா, அவர்கள் சட்டம் போடாமல் இல்லை. போட்டதை நீதிமன்றம் அளந்து பார்க்கிறது, போடாததை அவர்கள் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் தடுத்து வைத்திருக்கிறது. இரண்டுக்கும் பின்னால் 1791இல் எழுதிய ஒரே ஒரு வாக்கியம் நிற்கிறது. அவர்களுடைய அரசமைப்பின் இரண்டாவது திருத்தம், சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான குடிப்படை தேவை என்று தொடங்கி, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படக் கூடாது என்று முடிகிறது. உரிமை குடிப்படைக்கா, தனி ஆளுக்கா என்று இருநூறு ஆண்டு வாதாடினார்கள். 2008இல் ஹெல்லர் வழக்கில், தனி ஆளுக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொல்லி, வாஷிங்டன் நகரம் கைத்துப்பாக்கிக்கு விதித்திருந்த தடையை நீக்கியது. அதே தீர்ப்பில் இந்த உரிமை எல்லையற்றது அன்று என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை இரு தரப்பும் தத்தம் வசதிக்கேற்ப மறந்துவிடுகின்றன.

டெக்சாஸிலேயே இருக்கும் யுவால்டி ஊரை உங்கள் மகன் அறிந்திருப்பார். 2022 மே 24 அன்று அங்கே தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். சுட்டவனுக்கு வயது பதினெட்டு. பிறந்தநாள் முடிந்த கையோடு கடைக்குப் போய்ச் சட்டப்படியே இரண்டு ரைபிள்கள் வாங்கியிருந்தான். நம் சட்டத்தில் இருபத்தொரு வயது நிரம்பாதவருக்குத் துப்பாக்கி உரிமமே கிடையாது. நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவனைத் தடுக்கலாம் என்பது அங்கே அடிக்கடி கேட்கும் வாதம். யுவால்டியில் முந்நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட ஆயுதக் காவலர்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். வகுப்பறைக்குள் நுழைய ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அதன்பின் அந்த வாதத்தை என்னால் பொறுமையாகக் கேட்க முடிவதில்லை.

அடுத்த மாதம் நடந்ததைச் சொன்னால் அந்த நாட்டின் இழுபறி புரியும். ஜூன் 23 அன்று, வெளியே துப்பாக்கி ஏந்திச் செல்லத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டு நாள் கழித்து, இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர் துப்பாக்கி வாங்கினால் பின்னணியைக் கூடுதலாக ஆராய வேண்டும் என்ற புதிய சட்டத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். ஏறக்குறைய முப்பது ஆண்டில் அங்கே வந்த பெரிய துப்பாக்கிச் சட்டம் அதுதான். 1994இல் போர்க்களப் பாணித் துப்பாக்கிகளுக்குப் பத்தாண்டுத் தடை விதித்தார்கள். 2004இல் காலம் முடிந்தபோது அதைப் புதுப்பிக்கவில்லை. 1993இன் பிரேடி சட்டம் கடைக்காரர் விற்றால் பின்னணி விசாரணை வேண்டும் என்கிறது. தனி ஆள் தனி ஆளுக்கு விற்பதற்குப் பல மாநிலங்களில் அதுவும் இல்லை. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை இல்லாத இருபத்தொரு வயதுக்காரர் அனுமதிச் சீட்டே இல்லாமல் கைத்துப்பாக்கியோடு தெருவில் நடக்கலாம்.

எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்க வேண்டும். பரந்த நிலத்தில் காவல் நிலையம் ஐம்பது மைலுக்கு அப்பால் இருக்கும் குடும்பத்துக்குத் துப்பாக்கி தன் கையே தனக்கு உதவி என்பதன் வடிவம். மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகள் அதிகம், ஏறத்தாழ 39 கோடி, என்ற நாட்டில் நாளைக்கே சட்டம் வந்தாலும் எவர் வீட்டில் போய் எடுப்பது என்ற கேள்விக்கும் எளிய விடை இல்லை. இந்த வாதங்களில் முதலாவதை நான் மதிக்கிறேன். ஆனால் 2021இல் அங்கே துப்பாக்கியால் இறந்த 48 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கி வைத்தது வீட்டுக்காரரின் ஒரு கெட்ட இரவில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. பள்ளிப் படுகொலை செய்தியில் வருகிறது, இது வருவதில்லை.

பேத்தியின் பயிற்சியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்று செய்யலாம்: பேத்தி விளையாடப் போகும் வீடுகளில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று மகனையும் மருமகளையும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே குழந்தை மருத்துவர்களே பெற்றோரிடம் கேட்கச் சொல்லும் கேள்வி அது. எவரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

“ஜப்பானில் உலகத்திலேயே கடுமையான சட்டம் என்கிறார்கள். அங்கேயே முன்னாள் பிரதமரைச் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் பக்கத்தில் குழாய் கிடைத்தால் துப்பாக்கி செய்துவிடுவார்கள். சட்டம் எதற்கு?”
— இரும்புக் கடை வைத்திருப்பவர், குப்பம், ஆந்திரம்

2022 ஜூலை 8 அன்று நாரா நகரில் ஷின்சோ அபே கொல்லப்பட்டது, இரண்டு குழாய்களை ஒட்டி வீட்டில் செய்த துப்பாக்கியால். கடையில் வாங்க வழியில்லாததால்தான் அவன் அதைத் தானே செய்ய வேண்டியிருந்தது, மாதக்கணக்கில் முயன்றிருக்கிறான். ஜப்பானில் எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, மருத்துவச் சான்று எல்லாம் கடந்தால் வேட்டைத் துப்பாக்கி கிடைக்கலாம், கைத்துப்பாக்கி கிடைக்கவே கிடைக்காது. பன்னிரண்டு கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் அந்த நாட்டில் ஓர் ஆண்டில் துப்பாக்கியால் சாகிறவர்களைப் பெரும்பாலும் கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். பூட்டு உடைபட்ட ஒரு வீட்டைக் காட்டி ஊரில் எவரும் கதவு போட வேண்டாம் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். பூட்டு விற்பவராகவும் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

“எங்களுக்கு மேற்கே வயநாடு, அதைத் தாண்டினால் குடகு. குடகர்கள் உரிமமே இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். யானைக்கும் புலிக்கும் நடுவில் வாழும் எங்களுக்கு மட்டும் ஏன் ஆயிரம் விசாரணை?”
— தேயிலை விவசாயி, கூடலூர், நீலகிரி

(தேனி மாவட்டத்திலும் ஒரு கூடலூர் உண்டு, அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) குடகரின் விலக்கு ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியது. 1959 சட்டத்தின் 41ஆம் பிரிவு, பொதுநலம் கருதி எவருக்கும் விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி குடகு இனத்தாருக்கும் ஜம்மா எனப்படும் பரம்பரை நிலத்தின் உரிமையாளர்களுக்கும் தொடர்ந்துவரும் விலக்கை 2019இல் இன்னும் பத்து ஆண்டுக்கு, 2029 வரை நீட்டினார்கள். எதிர்த்துப் போட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது. துப்பாக்கியைப் பூசையில் வைத்து வணங்குவதும், பிறப்பிலும் இறப்பிலும் வானத்தை நோக்கிச் சுடுவதும் அவர்கள் வழக்கம். விலக்கு என்றாலும் கணக்கில்லாத துப்பாக்கி அன்று. விலக்குச் சான்று உண்டு.

ஒரு சமூகத்துக்குப் பிறப்பால் வரும் ஆயுத விலக்கு எனக்கு உவப்பானது அன்று என்பதை மறைக்கவில்லை. அதே காடுகளில் தலைமுறைகளாக வேட்டையாடி வாழ்ந்த பழங்குடிகளுக்கும் நரிக்குறவருக்கும் 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொழிலையே எடுத்துவிட்டது. அவர்கள் கையில் நாட்டுத் துப்பாக்கி இருந்தால் அது பண்பாடு ஆவதில்லை, வழக்கு ஆகிறது. ஆனால் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய விலக்கை விரிப்பது வழியன்று. துப்பாக்கி யானையை விரட்டாது. காயம்பட்ட யானை அடுத்த வீட்டுக்குப் போகும். உங்களுக்கு உடனே வேண்டியது யானை வருவதை முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடும், இழுத்தடிக்காத இழப்பீடும். அதற்கு எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

“ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாக்கும் யோசனை நம் அரசமைப்பை எழுதியபோது வந்ததா? வகுப்பில் ஆசிரியர் இல்லை என்றார்.”
— கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு

வந்தது. 1878இல் ஆங்கில அரசு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமத்துக்குக் கை நீட்ட வைத்தது, ஐரோப்பியருக்குச் சலுகை காட்டியது. அந்த அவமானம் விடுதலை இயக்கத்தில் ஆறாத புண்ணாக இருந்தது. அகிம்சையைப் போதித்த காந்தியே, ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிய அந்தச் சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் தீமைகளில் மிகக் கருமையானதாகக் கருதினார். 1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றிருக்கிறது. 1948 டிசம்பரில் அரசமைப்புச் சபையில் எச்.வி. காமத் இதற்காகவே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் எதிர்த்தார், திருத்தம் தோற்றது. மிஞ்சியது நேர் எதிரானது: 19ஆம் உறுப்பு அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைத்தான் தருகிறது. 2023 பிப்ரவரியில், உரிமமற்ற துப்பாக்கிகள் பெருகுவதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், அமெரிக்காவைப் போல இங்கே அது அடிப்படை உரிமை அன்று என்று மறுபடியும் நினைவூட்டியது. ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லுங்கள். அவர் சொன்னது முடிவைப் பொறுத்தவரை சரிதான்.

“என் அப்பா சென்ற ஆண்டு காலமானார். அவருடைய ஒற்றைக் குழல் துப்பாக்கியும் ஒரு டப்பா தோட்டாவும் பரணில் கிடக்கின்றன. அப்பாவின் நினைவு என்று அம்மா எவரையும் தொட விடுவதில்லை. அண்ணன் எர்ணாகுளத்தில். எனக்கு இரண்டு மகன்கள், பள்ளியில் படிக்கிறார்கள். இப்போது போய்க் கொடுத்தால் ஏன் இத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்று வழக்குப் போடுவார்களா?”
— இல்லத்தரசி, சின்னமனூர்

அம்மா, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் முதலில் படிக்க வேண்டியது உங்களுடையதுதான். கடைசியில் வைத்தது, நிதானமாகச் சொல்வதற்காக.

உரிமம் அப்பாவுக்குக் கொடுத்தது, அவரோடு முடிந்தது. அன்றிலிருந்து அந்தத் துப்பாக்கி உங்கள் வீட்டில் சட்டப்படி இருக்கவில்லை. வைத்திருப்பது சட்டவிரோதமாகிவிட்ட ஆயுதத்தைத் தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. தாமதம் ஆகிவிட்டது உண்மை. ஆனால் துக்கத்தில் ஓராண்டு மறந்து தாமாக வந்து கொடுப்பவரையும், சோதனையில் பிடிபடுபவரையும் எந்த அதிகாரியும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. நான் பார்த்தவரையில், தாமாக வந்தவர்களிடம் ஓர் எழுத்து விளக்கம் வாங்கிக்கொண்டதோடு முடிந்தது.

நீங்களே பரணிலிருந்து இறக்க வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று மடித்துப் பார்க்கத் தெரியாதவர் கையில் பழைய துப்பாக்கி ஆபத்தானது. அதைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறவும் வேண்டாம். முதலில் இறப்புச் சான்றிதழையும் அப்பாவின் உரிமத்தையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். ஆளை அனுப்பி எடுத்துக்கொள்வார்கள். அதுவரை பையன்களை அந்த அறைப் பக்கம் விடாதீர்கள். பரண் ஏறத் தெரியாத பள்ளிப் பையனை நான் பார்த்ததில்லை.

ஒப்படைப்பது இழப்பது ஆகாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். குறித்த காலத்துக்குள் வாரிசுகளில் ஒருவர் தம் பெயரில் உரிமம் பெற்றால் அதே துப்பாக்கியைத் திரும்பப் பெறலாம், அல்லது உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி மற்ற வாரிசுகளின் சம்மதம் எழுத்தில் வேண்டும், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும். வாரிசு என்றால் மகன் மட்டும் அன்று, மகளும்தான். (எழுபது வயதானவரோ, இருபத்தைந்து ஆண்டு ஒரு துப்பாக்கியை வைத்திருந்தவரோ தாம் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கவும் அதே விதிகளில் வழி இருக்கிறது. கம்பத்து விவசாயி இதைக் குறித்துக்கொள்ளட்டும்.) உங்கள் வீட்டில் அதற்கு உண்மையான தேவை எவருக்காவது இருக்கிறதா என்பதை அண்ணனும் நீங்களும் அம்மாவும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். உரிமத்தில் அப்பாவின் புகைப்படம் ஒட்டியிருக்கும். கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

காவல் நிலையத்தில் துப்பாக்கியின் எண்ணையும், தோட்டாக்களை ஒவ்வொன்றாக எண்ணி அந்தத் தொகையையும் எழுதிய ரசீது கொடுக்க வேண்டும். அதை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.